கன அடியும் வாசற்படியும்

மேட்டூர் நிரம்பி, உபரித் தண்ணீர் முக்கொம்பு வழியாகக் கொள்ளிடத்தில் இறங்கினால் கரையோர ஊர்களுக்கு அறிவிப்பு வந்துவிடும். ஒன்றரை லட்சம் கன அடி திறக்கப்படுகிறது, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்பதுதான் எப்போதும் அதன் சாரம். திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்கும் நாதல்படுகைக்காரருக்குத் தண்ணீர் வருகிறது என்பது மட்டும் விளங்கும். ராத்திரி வருமா, விடிந்த பிறகா? வாசலோடு நிற்குமா, அடுப்படிக்குள் ஏறுமா? மாட்டை இப்போதே ஓட்டிப் போக வேண்டுமா, நாளைக் காலை வரை பொறுக்கலாமா? அவருக்கு வேண்டியது இந்தக் கேள்விகளுக்கான பதில். கன அடிக் கணக்கில் அது இல்லை.

கொள்ளிடம் கடலை நெருங்கும் இடத்தில், ஆற்றின் வண்டல் படிந்த மேட்டில் உண்டான ஊர்கள் இவை. மயிலாடுதுறை மாவட்டப் பக்கம் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல். கடலூர்ப் பக்கம் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம். திட்டு, படுகை என்று பேரிலேயே ஆறு இருக்கிறது. வெள்ளம் இவர்களுக்குப் புதிதல்ல. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது ஷட்டர்களை அடித்துக்கொண்டு போன வெள்ளத்தையும் பார்த்தார்கள், 2022இல் மறுபடி மறுபடி வந்த வெள்ளத்தையும் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் படகில் ஏறி முகாமுக்குப் போவது, வடிந்த பிறகு திரும்பி வந்து சேறு வாருவது, அரிசியும் வேட்டி சேலையும் வாங்குவது. இந்தச் சுற்றை எங்கே அறுக்கலாம்? கிராமங்களின் வெள்ள ஆபத்தைக் குறைப்பது பற்றிய பேச்செல்லாம் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

வெள்ளம் என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு தண்ணீர்கள் இருக்கின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீர் கொள்ளிடத்தின் கடைமடைக்கு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். நேரம் இருக்கிறது, அதைச் சரியாகச் செலவிட வழி தெரிந்தால் போதும். காட்டாற்று வெள்ளத்துக்கு அந்த நேரமே கிடையாது. 2015 நவம்பர் 9 அன்று நெய்வேலியைச் சுற்றி ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, பண்ருட்டிப் பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடைத் தண்ணீர் ஊருக்குள் புகுந்து வீடுகளை வாரிக்கொண்டு போனது. பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் இல்லாத ஊர்கள் அவை. நாகை, திருவாரூர்ப் பக்கத்து வெள்ளம் மூன்றாவது ரகம். அது பாய்ந்து வராது. பெய்த மழை போக வழியில்லாமல் வயலில் வாரக்கணக்கில் நிற்கும். உயிர் போகாது, சம்பா போகும். நான்காவதாக ஏரி உடைப்பு. அதைப் பிறகு பார்ப்போம். இத்தனைக்கும் ஒரே மருந்தாக மணல் மூட்டையையும் திருமண மண்டபத்தையும் எழுதி வைத்திருப்பதுதான் பல மாவட்டங்களின் பேரிடர்த் திட்டம்.

முதலில் எச்சரிக்கை. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. கொட்டிவிட்டு, உள்ளே நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியிருந்தது. அணைக்கு வந்த தண்ணீரை நிறுத்த முடியாது. திறந்துதான் ஆக வேண்டும். விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோர ஊர்கள் தூக்கத்தில் மூழ்கின. முறையாக ஐந்து தடவை எச்சரித்தோம் என்றது அரசு. எங்களுக்கு எதுவுமே வரவில்லை என்றார்கள் ஊர்க்காரர்கள். சட்டமன்றத்தில் இதுவே பெரிய வாக்குவாதமானது. இரண்டு தரப்புமே உண்மையைச் சொல்லியிருக்க முடியும் என்பதுதான் என் எண்ணம். எச்சரிக்கை அணையிலிருந்து புறப்பட்டிருக்கும். ஆட்சியர் அலுவலகம், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று படியிறங்கி வந்திருக்கும். கடைசிப் படியில், புயலில் மின்சாரம் போய், செல்போன் கோபுரம் செத்து, சார்ஜ் தீர்ந்த போனோடு இருட்டில் படுத்திருந்த ஒரு ஊர் இருந்தது. 2024இல் அரசு டி.என். அலர்ட் என்ற செயலியைக் கொண்டுவந்தது. நல்ல முயற்சி. ஆனால் புயலன்று முதலில் சாவது செல்போன்தான்.

முன்பெல்லாம் இந்தக் கடைசிப் படியைத் தண்டோரா கடந்தது. தலையாரி வந்து சொல்ல, பறை அடித்துத் தெருத் தெருவாக அறிவிப்பார்கள். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோராவை நிறுத்தச் சொன்னது. சரியான முடிவு அது. அடிக்கிற வேலை எப்போதும் ஒரே தெருவின் தலையில் விழுந்தது, அதில் இருந்த இழிவு வெளிப்படையானது. பதிலாக ஒலிபெருக்கி கட்டிய வண்டியை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் முழங்கால் தண்ணீரில் வண்டி போகாது. மின்சாரம் இல்லாமலும், சாதியின் சுமை இல்லாமலும் ஒரு ஊர் முழுவதையும் நள்ளிரவில் எழுப்ப என்ன வழி என்பதை யோசிக்காமலே விட்டுவிட்டோம். கோயில் மணி, தேவாலய மணி, பேட்டரியில் ஓடும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கையால் சுற்றும் சங்கு என்று செலவில்லாத வழிகள் இருக்கின்றன. இன்ன ஓசை வந்தால் இன்ன பொருள் என்று முன்கூட்டியே ஊருக்குள் பேசி முடிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்ததால் பிழைத்த ஊர் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே உண்டு. புதுச்சேரியின் நல்லவாடு மீனவர் கிராமத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கிராம அறிவு மையம் நடத்திவந்தது. கடல் நிலவரத்தைத் தினமும் ஒலிபெருக்கியில் சொல்வது அதன் வேலை. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். அந்த ஒலிபெருக்கி முழங்கியது, ஊர் காலியானது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். அது சுனாமி, ஆனால் பாடம் வெள்ளத்துக்கும் பொருந்தும். அந்தக் கருவி அன்று வேலை செய்ததற்குக் காரணம், முந்தின நாளும் அது வேலை செய்திருந்தது. ஆண்டுக்கு ஒரு தடவை தூசி தட்டும் சைரனை யாரும் நம்ப மாட்டார்கள்.

கன அடியை வாசற்படிக்கு மொழிபெயர்க்கும் வேலையும் அப்படி முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியதுதான். அசாமில் ஜியாதல் ஆற்றங்கரையில் இமயமலைப் பகுதி நாடுகளின் கூட்டு ஆராய்ச்சி மையமான இசிமோட், மேல்கரையில் எளிய மின்னணு உணர்கருவி ஒன்றைப் பொருத்தி, அங்கே தண்ணீர் ஏறியதும் கீழ்க்கரை ஊரின் பொறுப்பாளருக்குப் போனில் தெரிவிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. 2014இல் ஐ.நா.வின் காலநிலை விருது ஒன்றும் அதற்குக் கிடைத்தது. கொள்ளிடத்துக்கு அந்தக் கருவிகூடத் தேவையில்லை. முக்கொம்பிலும் அணைக்கரைக் கீழணையிலும் எவ்வளவு போகிறது என்ற கணக்கை நீர்வளத் துறை மணிக்கு மணி எழுதிவருகிறது. 2018இல் இன்ன அளவு போனபோது வெள்ளமணல் பள்ளிக்கூடச் சுவரில் தண்ணீர் எதுவரை நின்றது, 2022இல் எதுவரை நின்றது என்பது அந்த ஊர்ப் பெண்களுக்கு மனப்பாடம். இரண்டையும் சேர்த்து, மின்கம்பத்தில் மூன்று கோடு போட்டால் போதும்: மஞ்சள் கோட்டுக்குரிய தண்ணீர் திறந்தால் ஆடு மாட்டை நகர்த்து, ஆரஞ்சுக்கு முதியவர்களையும் பிள்ளைகளையும் அனுப்பு, சிவப்புக்கு எல்லோரும் கிளம்பு. பெயின்ட் செலவு சில நூறு ரூபாய்.

இனி ஏரி. தமிழ்நாட்டில் ஏறத்தாழ நாற்பதாயிரம் ஏரி குளங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை சங்கிலிகள், மேல் ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது. வட மாவட்டங்களில் ‘ஏரி கோடி போகுது’ என்பார்கள், நெல்லைச் சீமையில் ‘குளம் மறுகால் பாயுது’ என்பார்கள். இரண்டுமே சந்தோஷச் செய்திகள். கோடி போவதைப் பார்க்கக் குடும்பத்தோடு கரைக்குப் போவார்கள். அந்தச் சந்தோஷம் பயமாக மாறுவது, கோடித் தண்ணீர் போகிற ஓடை பட்டாவாகி வீடாகிவிட்ட ஊர்களில்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் படுகையில் நடந்தது சங்கிலி மொத்தமாக அறுந்த கதை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். ஆற்றின் எட்டாவது, கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஆறும் குளங்களும் ஒன்றாகக் கலந்தன, கரைகள் உடைந்தன, கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரத்துக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட மழைக்கு எந்தக் கரையும் கட்டப்படவில்லை என்று அதிகாரிகள் சொன்னதில் உண்மை உண்டு. அதே சமயம், கரை எந்த இடத்தில் பலவீனம், எந்த ஷட்டர் துருப்பிடித்துச் சுழல மறுக்கும், எந்தக் கலிங்கின் குத்துக்கற்களுக்கிடையே கூடுதல் தண்ணீர் பிடிக்க மண்ணும் பலகையும் வைத்து அடைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தந்த ஊரில் தெரிந்த விஷயங்கள். இதைத் தெரிந்து வைத்திருப்பதே முன்பு ஒருவரின் வேலையாக இருந்தது. நீர்க்கட்டி என்றோ நீர்பாய்ச்சி என்றோ அவரை அழைத்தார்கள். அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. மழை இரவில் மண்வெட்டியும் அரிக்கேன் விளக்குமாகக் கரையில் நின்றவர் அவர்தான்.

குடிமராமத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கொஞ்சம் மயங்கிப்போகிறோம். ஊர் கூடிக் கரை உயர்த்திய பொற்காலமாக அதை வர்ணிப்பது வழக்கம். கரையில் உழைத்தவர்களில் பலருக்கு அந்த ஏரியின் கீழ் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது என்பதை மறந்துவிடுகிறோம். 1858இல் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தது, பழைய ஏற்பாடு தானாக நடக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. எனவே அதை அப்படியே மீட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மீட்க வேண்டியது நீர்க்கட்டியின் வேலையை, கௌரவமான சம்பளத்தோடும் எழுதப்பட்ட பொறுப்போடும். இப்போது நூறு ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கிறது, சிறியது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கிறது. வாய்க்கால் யாருடையது, ஓடைப் புறம்போக்கு யாருடையது என்பது தனிக் கதை. இரவு பதினோரு மணிக்குக் கரை கசிந்தால் யாருக்குப் போன் செய்வது, ஷட்டர் சாவி யாரிடம் என்று கேட்டுப் பாருங்கள். பல ஊர்களில் பதில் வராது.

கரையை உயர்த்திவிட்டால் தீர்ந்தது என்ற நம்பிக்கைக்கு பிகார் பதில் சொல்கிறது. 1950களின் தொடக்கத்தில் அங்கே ஆற்றங்கரை அணைகளின் நீளம் சுமார் 160 கி.மீ.; பிற்பாடு அது மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. வெள்ளம் பாதிக்கக்கூடிய பரப்பு 25 லட்சம் ஹெக்டேரிலிருந்து 68 லட்சம் ஹெக்டேருக்கு மேல் போனதே தவிரக் குறையவில்லை. கரைக்குள் வண்டல் சேர்ந்து ஆற்றின் தளம் ஏறியது, கரைக்கு வெளியே பெய்த மழை உள்ளே இறங்க வழியில்லாமல் தேங்கியது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாகாவில் கோசியின் கரை உடைந்தபோது, பல பத்தாண்டுகளாக வெள்ளத்தை மறந்திருந்த ஊர்கள் மூழ்கின. உயரமான கரை மனிதர்களின் ஞாபகத்தை மழுங்கடித்துவிடுகிறது. கொள்ளிடத்தில் தடுப்புச் சுவர் கேட்கும் ஊர்களின் கோரிக்கையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அக்கரையில் சுவர் எழுந்தால் இக்கரையில் தண்ணீர் ஏறும். இரு மாவட்ட ஊர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசாமல் கட்டும் சுவர், வெள்ளத்தை எதிர்க்கரைக்குத் தள்ளிவிடுவதோடு சரி.

தப்பிப்போகும் இடத்தைப் பற்றி வங்கதேசத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 1970 புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு 1972இல் தொடங்கிய புயல் தயார்நிலைத் திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேல் கிராமத் தொண்டர்கள் இருக்கிறார்கள். கொடி ஏற்றி, கையொலிபெருக்கியில் கூவி, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறவர்கள். 2020இல் அம்பன் வந்தபோது இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரை நகர்த்தினார்கள்; இறந்தோர் எண்ணிக்கை முப்பதைத் தாண்டவில்லை. இடையில் ஒரு கசப்பான பாடமும் இருந்தது. 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு இறந்தார்கள். அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில், தனிக் கழிப்பறை இல்லாத இடத்தில் தங்கத் தயங்கியதும், கணவர் வரட்டும் என்று காத்திருந்ததும் காரணங்கள். மாட்டை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று தங்கியவர்களும் உண்டு. அதனால்தான் அங்கே ‘கில்லா’ என்ற மண்மேடுகள் கால்நடைகளுக்காகவே எழுப்பப்படுகின்றன. ஒடிசாவும் இதே பாதையில் நடந்தது. 1999 பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேரை இழந்த மாநிலம், 2013இல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தி, இழப்பை ஐம்பதுக்குள் நிறுத்தியது.

நம் கடலோரத்திலும் சுனாமிக்குப் பிறகு பல்நோக்குப் பேரிடர் மையங்கள் எழுந்தன. கட்டடங்கள் நன்றாகவே இருக்கின்றன. வெள்ளத்தன்று அதன் கழிப்பறையில் தண்ணீர் வருமா, சக்கர நாற்காலி ஏறுமா, மாடு கட்ட இடம் உண்டா, எல்லாத் தெருக்காரர்களும் கூச்சமில்லாமல் உள்ளே வர முடியுமா என்பவைதான் கேள்விகள். கடைசிக் கேள்வி சங்கடமானது. நம் கிராமங்களில் காலனி பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. தண்ணீர் முதலில் நுழைவது அங்கே, கடைசியில் வடிவதும் அங்கே. பொது முகாமுக்குப் போனால் அங்கும் தனிப் பந்தியா என்ற தயக்கம் அவர்களுக்கு உண்டு. ஊரின் வெள்ள வரைபடம் போடுகிறவர்கள் மேட்டுத் தெருவில் உட்கார்ந்து போட்டால் அந்த வரைபடம் பொய்.

வெள்ளத்தில் முதல் உதவி எங்கிருந்து வரும் என்பதற்கு ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையமே போதும். 2023 டிசம்பரில் திருச்செந்தூர் – சென்னை விரைவு ரயில் அங்கே சிக்கிக்கொண்டது. சுமார் எண்ணூறு பயணிகள். ஹெலிகாப்டரும் தேசிய மீட்புப் படையும் வந்து சேரும் வரை அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள், தங்கள் ஊரே மழையில் தவித்துக்கொண்டிருந்த புதுக்குடி கிராமத்தார். மத்திய அரசின் ‘ஆப்த மித்ரா’ திட்டம் ஊர் இளைஞர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சியும் மீட்புக் கருவிப் பெட்டியும் கொடுப்பது இந்த உண்மையை ஒப்புக்கொண்டதால்தான். கூட ஒன்று சேர்க்க வேண்டும்: பக்கத்து மீனவக் கிராமத்தோடு முன்னேற்பாடான ஒப்பந்தம். படகு எத்தனை, டீசல் யார் கணக்கு, இன்ஜின் சேதமானால் யார் பொறுப்பு என்று வெள்ளத்துக்கு முன்பே எழுதி வைத்தால், அவர்களின் பெருந்தன்மையை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

பயிர் விஷயத்தில் நல்ல செய்தியும் உண்டு, அதன் எல்லையும் உண்டு. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த ‘சப்1’ மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ரகங்கள் இரண்டு வாரம் வரை தண்ணீருக்கடியில் மூச்சடக்கிக் கிடந்து மீண்டும் துளிர்க்கும். நம் டெல்டாவில் சி.ஆர். 1009 சப்1 அப்படிப்பட்டது. காட்டுயானம், மடுமுழுங்கி என்று நம்மிடமே பள்ளக்காலுக்கான பழைய நெல்கள் இருந்தன. ஆனால் சப்1 இளம்பயிரைத்தான் காக்கும். 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து கதிரிலேயே முளைவிட்டபோது எந்த ரகமும் உதவவில்லை. அங்கே உதவக்கூடியது வடிகால். ஒவ்வொரு ஆண்டும் மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்குள் தண்ணீர் வரும் வாய்க்கால்களை அவசரமாகத் தூர்வாருகிறோம். தண்ணீர் போகும் வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கின்றன. பாசனத்துக்குக் குரல் கொடுக்கச் சங்கங்கள் உண்டு. வடிகாலுக்கு ஆளில்லை.

பணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பதினைந்தாவது நிதிக் குழு மாநிலப் பேரிடர் நிதியை நூறாகப் பிரித்தபோது, நாற்பது உடனடி நிவாரணத்துக்கு, முப்பது மறுகட்டமைப்புக்கு, பத்து தயார்நிலைக்கு, இருபது தணிப்புக்கு என்றது. தணிப்புக்கெனத் தனியாக ஒதுக்கியதே முன்னேற்றம்தான். அப்படியும் வெள்ளத்துக்குப் பின் எழுபது, முன் முப்பது. அரசியலில் இதன் தர்க்கம் சுலபமானது. நிவாரணம் கொடுத்தால் போட்டோ வரும். நடக்காமல் போன சாவுக்கு எந்தப் போட்டோவும் இல்லை.

ஆண்டுக்கு ஆறு முறை நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. கொள்ளிடக் கரைக்கு வெள்ளம் ஜூலை, ஆகஸ்டிலேயே வந்துவிடும். அவர்களுக்கு மே 1 கூட்டம் சரியான நேரம். வடகிழக்குப் பருவமழையை நம்பியும் அஞ்சியும் இருக்கும் மற்ற ஊர்களுக்கு ஆகஸ்ட் 15. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. இரண்டு மாதம் இடைவெளி கிடைக்கும். உங்கள் ஊரும் வெள்ளத்துக்கு அஞ்சும் ஊர் என்றால், அடுத்த கூட்டத்துக்குப் போய் நான்கே நான்கு கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்: போன வெள்ளம் எந்தச் சுவரில் எதுவரை நின்றது, ஷட்டர் சாவி யாரிடம், நள்ளிரவில் ஊரை எழுப்புவது யார், தனியாக வாழும் பாட்டியைத் தூக்கிக்கொண்டு போவது யார்.